போர்க்கால மின்பிறப்பாக்கிகளைப் புதுக்கும் முறை



கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், கற்பிட்டிக்கு வழி பிரியும் ஊர் பாலாவி. அங்கே இன்று இலங்கை விமானப்படையின் தளம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதுவே பிரித்தானியரின் வானூர்தித் தளமாக விளங்கிற்று. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் யப்பானிய வானூர்திகள் கொழும்பைத் தாக்கின. அதன்பின் இத்தீவின் தளங்கள் பெருகின. 1943இல் பிரித்தானியக் கடற்படை, புத்தளத் தளத்துக்கு ‘ராஜாளிய’ என்று பெயரிட்டது. நமது இராஜாளிப் பறவையின் பெயரே அது. அத்தளத்தின் வானூர்திகளை யானைகள் கட்டியிழுத்துச் செல்லும் ஒளிப்படங்கள் உலகப் புகழ் பெற்றவை.

யானைகளை அறிந்தவர்கள் பலர். அக்காலத்துப் படைத்தளங்களுக்கு மின்சாரம் எவ்வாறு கிடைத்தது என்று சிந்தித்தவர்கள் சிலரே. லக்சபான நீர்மின் நிலையம் தொழிற்படத் தொடங்கியதே 1950இல் தான். நகரங்களுக்கு அப்பால் நிலைகொண்ட படைகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே பிறப்பித்துக்கொண்டன. வானொலித் தொடர்புக்கும், விளக்குகளுக்கும், பற்றரிகளுக்கு மின்னேற்றுவதற்கும், சிலர் சேர்ந்து தூக்கிச் செல்லத்தக்க மின்பிறப்பாக்கிகள் உலகெங்கும் பயன்பட்டன. அமெரிக்கப் படையின் ‘பி.ஈ. 75’ என்னும் வகை ஓர் எடுத்துக்காட்டு. ஒற்றை உருளை கொண்ட பெற்றோல் எஞ்சினால் இயங்கி, 120 வோல்ற்றில் ஏறத்தாழ 2.5 கிலோவாற்று மின்சாரம் தந்தது அது. போர் முடிந்ததும் இத்தகைய கருவிகள் பல நாடுகளில் மிகைப்பொருள்களாக விற்கப்பட்டுப் பட்டறைகளையும் பண்ணைகளையும் சென்றடைந்தன. பின்னர் அவற்றுட் பல, செப்புக் கம்பிக்காக உடைக்கப்பட்டன. எஞ்சியவை சில. அவற்றையும் அவசரத்தால் அழித்துவிடாமல் புதுக்குவது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதல் விதி, உடனே இயக்கிப் பார்க்கலாகாது என்பது. பதறாத காரியம் சிதறாது என்பர். பல ஆண்டுகள் அசையாதிருந்த எஞ்சினில், பிஸ்டன் எனப்படும் முசலம் உருளையோடு துருவால் ஒட்டியிருக்கும். கயிற்றைச் சுற்றி வலிந்து இழுத்தால் முசல வளையங்கள் முறியும். பொறிச் செருகியைக் கழற்றி, அத்துளை வழியாக மெல்லிய எண்ணெயை ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட வேண்டும். பின்னர்ச் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும்.

எண்ணெய் ஊறும் அந்நாட்களில் செய்தற்குரிய வேலை ஒன்றுண்டு. ஒவ்வோர் உறுப்பையும் ஒளிப்படம் எடுத்து, ஒவ்வொரு கம்பிக்கும் அடையாளச் சீட்டுக் கட்டுதல் வேண்டும். கருவியில் பதித்த உலோகத் தகடு வோல்ற்றளவையும் சுழற்சி வேகத்தையும் கூறும், அதனைச் சுரண்டலாகாது. பழைய வண்ணத்தின்மேல் எழுதிய படைக் குறிகளும் சான்றுகளே. மேற்பூச்சு ஈயம் கலந்ததாகவும், புகைக்குழாயின் உறை கல்நாராகவும் இருக்கக்கூடும். ஆதலால் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி எழுப்புதல் கேடு. இருளில் ஒளிரும்படி செய்த அளவிகளில் இரேடியம் இருக்கலாம்; அவற்றின் கண்ணாடியைத் திறவாதிருத்தல் நன்று.

கடற்கரை வாழ்வோர்க்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. உப்பு, காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொண்டே இருக்கும். உப்பை நீக்காது வண்ணம் பூசினால், பூச்சின் அடியில் துரு தொடர்ந்து வளரும். ஆகவே கழற்றிய இரும்புப் பகுதிகளை நன்னீரால் கழுவி, நன்கு உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். மின்சுருள்களை நீரில் நனைத்தல் கூடாது.

எரிபொருள் தாங்கியில் கிடந்த பழம் பெற்றோல் பிசினாக மாறிக் காபுரேற்றரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். கரைத்து நீக்க வேண்டும். ஓட்டையான தாங்கியை அப்படியே நெருப்பில் காட்டிப் பற்றவைக்க முனைதல் உயிராபத்து. வெறுமையாகத் தோன்றும் தாங்கியிலும் பெற்றோல் ஆவி தங்கியிருந்து வெடிக்கும்.

எஞ்சின் ஓடியும் மின்சாரம் வராதிருத்தல் உண்டு. அதுகண்டு சுருள் எரிந்துவிட்டதென முடிவு செய்து, பலர் கருவியைக் கைவிடுகின்றனர். காரணம் வேறாகவும் இருக்கலாம். இவ்வகைக் கருவிகள் பலவற்றில், காந்தமுனைகளின் இரும்பில் எஞ்சிநிற்கும் சிறு காந்தமே முதல் மின்சாரத்தைத் தூண்டுகிறது. அம்மின்சாரம் காந்தத்தை வலுப்படுத்த, வலுப்பட்ட காந்தம் மின்சாரத்தைப் பெருக்குகிறது. நெடுநாள் ஓய்வில் அந்த எச்சம் மறைந்துவிட்டால் தொடக்கமே இல்லை. கருவியை நிறுத்தி, காந்தச் சுருளைத் தனியே பிரித்து, உரிய முனை மாறாமல் ஒரு பற்றரியைச் சிறிது நேரம் இணைத்தால் காந்தம் மீளும். இதற்கு முன்னரே சுருள்களின் மின்காப்பை அளவியால் சோதித்து, ஈரமிருந்தால் மென்சூட்டில் மெதுவாக உலர்த்த வேண்டும். இவ்வேலை தேர்ந்த மின்வினைஞர் முன்னிலையில் நடத்தற்குரியது.

இயக்கும்போது மறவாதிருக்க வேண்டியவை இரண்டு. எஞ்சினின் புகையில் காபனோரொட்சைட்டு உண்டு. நிறமும் மணமும் அற்ற அந்நஞ்சு, உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். ஆதலால் வீட்டினுள்ளோ கொட்டகையினுள்ளோ இயக்கலாகாது. அடுத்து, கருவியை வீட்டு மின்னிணைப்போடு சேர்க்கலாகாது. மின்வெட்டின்போது அம்மின்சாரம் வெளிக்கம்பிகளில் பாய்ந்து, கம்பத்தில் ஏறிய தொழிலாளியைக் கொன்றுவிடும். அன்றியும், 120 வோல்ற்று 60 சுற்றுக்கு அமைந்த அமெரிக்கக் கருவி, 230 வோல்ற்று 50 சுற்றுக்கு அமைந்த நம் வீட்டுப் பொருள்களுக்குப் பொருந்தாது.

இத்துணை உழைப்புக்குப் பயன் யாது என வினவலாம். நுரைச்சோலையில் 900 மெகாவாற்று அனல்மின் நிலையம் நம் கரையிலேயே நிற்கிறது. முன் கூறிய சிறு கருவிகள் 360,000 ஒருங்கே தரும் ஆற்றலுக்கு அது நிகர். ஆயினும் 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, அப்பெருநிலையமும் நின்றது. மின்சாரம் எவ்வாறு பிறக்கிறதென்பதை நம் பிள்ளைகள் நுரைச்சோலையின் மதிலுக்கு வெளியே நின்று கற்க இயலாது. 1831இல் பரடே கண்டறிந்த அதே விதியைச் சிறு கருவி கைக்கெட்டும் தூரத்தில் காட்டுகிறது. கலை கற்ற ஆசிரியனாகிய எனக்கும் அது விளங்குகிறது; ஆகையால் எம் மாணவர்க்கும் விளங்கும். உங்கள் ஊர்க் கொட்டகையில் அத்தகைய கருவி ஒன்று கிடந்தால், பழைய இரும்பு வாங்குபவர் வருமுன், அருகிலுள்ள பாடசாலைக்கு ஒரு சொல் அனுப்புங்கள்.