ஊரில் காணி, வெளிநாட்டில் வாழ்வு – 6: ரிவர்ஸ்டன் விடுதியும் நவம்பர் 30உம்

வெளிநாட்டில் வாழும் இலங்கையர் ஒருவர் ஊரில் வரி விபரத்திரட்டுச் சமர்ப்பிக்க வேண்டுமா என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன: அவர் எங்கே வதிகிறார், வருமானம் எங்கே எழுகிறது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வதிவாளரின் உலகளாவிய வருமானத்தைக் கணக்கில் எடுக்கிறது. வதிவற்றவர் இலங்கையில் எழும் வருமானத்துக்கு மட்டும் பொறுப்பாளி. நிரந்தர வதிவிடம் இங்கே இல்லாதவரும் பன்னிரண்டு மாத காலத்தில் 183 நாட்கள் நாட்டில் தங்கினால் வதிவாளராகிவிடலாம். நீண்ட விடுமுறையில் வருவோர் கடவுச்சீட்டு முத்திரைகளை எண்ணிப் பார்ப்பது நல்லது.

ரொறன்ரோவில் வேலை செய்யும் இலங்கைக் குடிமகன் ஒருவர், இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையோரம் காணி வாங்கி, காற்றையும் மூடுபனியையும் தேடி வரும் பயணிகளுக்கு அறைகள் கட்டுகிறார் என்று கொள்வோம். காணிக்கும் கட்டடத்துக்கும் அவர் அனுப்பும் சம்பளப் பணம் இலங்கையில் எழுந்த வருமானமல்ல. தாய்க்கு அனுப்பும் செலவுப் பணமும் அப்படியே. அறைக்கு முதல் விருந்தினர் பணம் கொடுக்கும்போது நிலைமை மாறுகிறது. அந்தப் பணம் ரொறன்ரோ வங்கிக் கணக்குக்கே நேராகப் போனாலும், அது மாத்தளை மாவட்டத்தில் எழுந்த வருமானம். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்: பணம் போய்ச் சேரும் கணக்கை வைத்து வரியைத் தீர்மானித்துவிடுகிறார்கள்.

குடியுரிமைக்கும் இங்கே பெறுமதி உண்டு. வதிவற்றவராயினும் இலங்கைக் குடிமகனாக இருப்பவருக்குத் தனிநபர் நிவாரணம் கிடைக்கும். 2025 ஏப்ரல் 1 முதல் அது ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். பின்னர் விகிதம் படிப்படியாக 36 வீதம் வரை ஏறும். செலவு போக விடுதியின் இலாபம் 24 இலட்சம், வேறு வருமானம் இல்லை என்றால், எஞ்சும் 6 இலட்சத்துக்கு வரி 36,000 ரூபா. மதிப்பீட்டாண்டு மார்ச் 31இல் முடிகிறது. விபரத்திரட்டுக்கு இறுதி நாள் நவம்பர் 30. வரியை அதுவரை வைத்திருக்க முடியாது: ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிக்குள் நான்கு தவணைகள். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் உறவினர் பற்றுச்சீட்டுகளைப் பேணாவிட்டால், உண்மையான செலவுக்கும் கழிவு கோர முடியாது போகும்.

கனடா தன் வதிவாளரின் உலக வருமானத்தைக் கேட்கும் நாடு. ஆகவே அதே இலாபம் அங்கும் காட்டப்பட வேண்டும். இரட்டை வரிச்சுமையைத் தணிப்பது இரு நாடுகளுக்கும் இடையே 1982இல் செய்யப்பட்ட உடன்படிக்கை. இலங்கையில் செலுத்திய வரிக்கு அங்கே வரவு கோரலாம், அதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும். இத்தகைய வெளிநாட்டு முதலீடுகளின் கொள்விலை மொத்தம் 1,00,000 கனேடிய டொலரைத் தாண்டினால் ‘டி1135’ என்ற தனிப் படிவமும் உண்டு. அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போகிறது: அதன் குடிமகன் மாத்தளையில் நிரந்தரமாகக் குடியிருந்தாலும் ஆண்டுதோறும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்த மீதி ஆண்டில் எப்போதாவது 10,000 டொலரைத் தாண்டினால் அதற்கும் தனி அறிக்கை.

சொத்தை விற்கும்போது மூலதன ஆதாய வரி வருகிறது. தனிநபருக்கு அது 2025 ஏப்ரல் முதல் 15 வீதம், தனிநபர் நிவாரணம் இதற்குப் பொருந்தாது. 2017 செப்டம்பர் 30க்கு முன் வாங்கிய காணிக்கு அந்நாளின் சந்தைப் பெறுமதியே கொள்விலையாகக் கொள்ளப்படும். பரம்பரைக் காணி வைத்திருப்போருக்கு இது பெரிய ஆறுதல். பழைய உறுதியில் எழுதிய சில ஆயிரம் ரூபாவிலிருந்து ஆதாயத்தைக் கணக்கிட நேராது.

ஊருக்கே திரும்பிக் குடியேறுபவர் வதிவாளராகிறார். அதன்பின் ரொறன்ரோ வைப்பின் வட்டியும் இலங்கை விபரத்திரட்டில் இடம்பெற வேண்டும். வெளிநாட்டு நாணயமாக வங்கி ஊடாக வரும் இத்தகைய வருமானத்துக்கு 2025 மார்ச் 31 வரை விலக்கு இருந்தது. இப்போது உச்ச விகிதம் 15 வீதம்.