கரப்பானும் தெருப்புகையும்

பிள்ளைக்குக் கரப்பான் வந்தால் நம் வீடுகளில் முதலில் கத்தரிக்காயை நிறுத்துவார்கள், அடுத்து கருவாட்டை. புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கும் அப்படித்தான். ஆனாலும் அரிப்பு அடங்கவில்லை. பள்ளி விட்டு, அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றபடி வந்து இறங்கும்போதே அவள் விரல்கள் முழங்கை மடிப்பைத் தேடும். ஒருநாள் ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்துவிட்டேன். வெள்ளைத் துணியில் சாம்பல் நிறக் கோடு விழுந்தது.

ஒரு பக்கம் தொழிற்பேட்டை, மறுபக்கம் பேருந்தும் லாரியும் ஓயாத சாலை. இங்கே அந்தக் கோடு விழுவதில் வியப்பில்லை. அதில் கண்ணுக்குத் தெரிவது தூசி. தெரியாதவை பி.எம். 2.5 எனும் நுண்துகள்கள். தலைமுடிப் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு.

நம் மேல்தோல் ஓட்டுக்கூரை மாதிரி, செல்மேல் செல்லாக அடுக்கி வேய்ந்தது. அதை இறுக்கமாக வைத்திருக்கும் புரதம் ஃபிலாக்ரின். கரப்பான் உள்ளவர்களில் பலருக்கு இதன் மரபணுவே பழுதாக இருப்பதை 2006இல் கண்டுபிடித்தார்கள். கூரை ஏற்கெனவே ஒழுகுகிறது. நுண்துகள்களோ இருக்கிற ஃபிலாக்ரினையும் குறைக்கின்றன. சோதனைச்சாலையில் வளர்த்த தோல் செல்களிலும் எலிகளிலும் இது தெரிந்திருக்கிறது.

அரிப்பின் கதை இன்னும் கொடுமையானது. டீசல் புகையின் வேதிப்பொருட்கள் தோல் செல்லுக்குள் ஏஹெச்ஆர் என்ற ஏற்பியை எழுப்பிவிடுகின்றன. அது ஆர்ட்டெமின் என்ற புரதத்தைச் சுரக்கவைக்க, நரம்பு நுனிகள் மேல்தோலுக்குள் நீண்டு வளர்கின்றன. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தார் 2017இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். அப்படி வளர்ந்துவிட்டால் சட்டைக் காலர் உரசினாலே அரிக்கும். சொறிந்தால் கூரை மேலும் பிய்யும்.

2018 நவம்பரில் கலிபோர்னியாக் காட்டுத்தீயின் புகை, சுமார் 280 கிலோமீட்டர் தள்ளியிருந்த சான்பிரான்சிஸ்கோவைச் சூழ்ந்தது. அந்த வாரங்களில் அங்கே கரப்பானுக்காக மருத்துவரிடம் போனவர்கள் கூடினார்கள். நமக்கோ போகி வாசலிலேயே எரிகிறது.

பி.எம். 2.5க்கு ஆண்டுச் சராசரியாக இந்தியா அனுமதிப்பது கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. இந்த இடைவெளியைப் பிள்ளைகளின் தோல்தான் தாங்குகிறது.

சில குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை உண்மையிலேயே உண்டு. அதைத் தோல் மருத்துவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். ஜிப்மர் மருத்துவமனை இதோ பக்கத்தில் கோரிமேட்டில் இருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு வேண்டவே வேண்டாம்.

பாப்பா இப்போது முழுக்கைப் பருத்திச் சட்டையில் போய்வருகிறாள். வந்ததும் வெதுவெதுப்பான நீரில் குளியல். ஈரம் உலருமுன் மருத்துவர் சொன்ன ஈரப்பதக் களிம்பு. இந்தப் போகிக்குத் தெருவில் டயர் கொளுத்த வேண்டாமென்று அவள் அம்மா வீடுவீடாகச் சொல்லி வந்தாள்.