மெடிக்கல் கார்டு இருந்தால் கண்ணாடிக்குப் பணம் கிடைக்குமா?

புது வேலையில் சேரும்போது சம்பளம், ஓவர்டைம், ஆண்டு விடுப்பு, மெடிக்கல் கார்டு எல்லாவற்றையும் நம்மவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். கண் பரிசோதனைக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் நிறுவனம் பணம் தருமா என்று கேட்பவர்கள் குறைவு. அதுவும் மெடிக்கல் கார்டில் அடங்கிவிடும் என்ற நினைப்புதான் காரணம்.

பெரும்பாலும் அடங்காது. அந்தக் கார்டு முக்கியமாக மருத்துவமனைச் சிகிச்சைக்கும் அறுவைக்கும் உரியது. கண்புரை அறுவை அதில் வரலாம், கண்ணாடி வராது. கண்ணாடிக்கு ‘ஆப்டிகல்’ என்று தனிச் சலுகை உண்டு. சில இடங்களில் பல் சிகிச்சையையும் அதையும் சேர்த்து ஒரே தொகையாக வைத்திருப்பார்கள். ஆண்டுக்கு இவ்வளவு என்றோ, ஈராண்டுக்கு ஒருமுறை என்றோ வரம்பு இருக்கும். பொதுவாக நாம் முதலில் பணம் கட்டி, ரசீதைக் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். பயன்படுத்தாத தொகை பல நிறுவனங்களில் ஆண்டு முடிந்ததும் போய்விடும்.

1955 வேலைச் சட்டம் இந்தச் சலுகையைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே வேலைக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள், அலுவலகத்தில் கேளுங்கள். தொழிற்சங்கம் உள்ளவர்கள் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதையும் வைக்கச் சொல்லலாம்.

நாற்பது வயதுக்கு மேல் பேப்பரை எட்டப் பிடித்துப் படிப்பது வெள்ளெழுத்து. அதற்குக் கண்ணாடி போதும். கவலைப்பட வேண்டியது இனிப்பு நீர். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. இந்த நோய் விழித்திரையின் ரத்த நாளங்களைக் கெடுக்கும்போது தொடக்கத்தில் வலி இருக்காது, பார்வையும் தெளிவாகவே இருக்கும். மங்கலாகத் தெரியும்போது பாதிப்பு முற்றியிருக்கலாம். முன்பே கண்டுபிடித்தால் லேசர் போன்ற சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். லாரியோ ஃபோர்க்லிஃப்டோ ஓட்டுபவருக்குப் பார்வை போனால் வேலையும் போய்விடுமே!

எனவே கடையில் பவர் மட்டும் பார்த்துவிட்டு, அழகான ஃபிரேமுக்கு முழுத் தொகையையும் செலவழிக்க வேண்டாம். பதிவு பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் இருக்கும் இடமாகப் போய், விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். சலுகை இல்லாதவர்களுக்கு அரசாங்க சுகாதாரக் கிளினிக் இருக்கிறது. குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். பல கிளினிக்குகளில் விழித்திரையைப் படம் எடுக்கும் கருவியும் உண்டு.

தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. செம்பனைக் குலை வெட்டும்போது மேலிருந்து தூசியும் சிராய்ப்பும் கண்ணில் விழும், களைக்கொல்லி தெளிக்கும்போது மருந்து தெறிக்கும். இதற்கான பாதுகாப்புக் கண்ணாடி ஆப்டிகல் சலுகையில் சேராது. 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி அதை முதலாளிதான் தர வேண்டும், அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. மீறி வேலையில் கண்ணில் அடிபட்டால் அன்றே மண்டோரிடம் சொல்லுங்கள். விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். கிளினிக்கில் கேட்கும்போது “கண் வலி” என்று மட்டும் சொல்லாமல், எங்கே, எந்த வேலையில் அடிபட்டது என்பதையும் எழுதச் சொல்லி, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.