பெர்லின் தெருவில் தொப்பிக்காரர்

பெர்லின் நகரை இரண்டாகப் பிரித்த சுவர் 1989 நவம்பரில் திறந்தது. மறு ஆண்டு அக்டோபர் 3 அன்று கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லாமல் போனது. அந்த ஆட்சியின் தடயங்கள் மட்டும் தெருக்களில் தங்கிவிட்டன.

பாதசாரிகளுக்கான சிக்னல் விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான தொப்பி போட்ட குள்ள உருவம். சிவப்பில் இரு கைகளையும் விரித்து வழிமறிக்கும். பச்சையில் எட்டி நடை போடும். 1961-இல் இதை உருவாக்கியவர் போக்குவரத்து உளவியலாளர் கார்ல் பெக்லாவ். நாடு இணைந்த பிறகு இந்த விளக்குகளைக் கழற்றத் தொடங்கினார்கள். மக்கள் விடவில்லை; குரல் கொடுத்துக் காப்பாற்றினார்கள். பிறகு மேற்குப் பகுதிக் கம்பங்களிலும் தொப்பிக்காரர் ஏறிவிட்டார். ஒடுக்கிய ஆட்சி போகட்டும், தினமும் தெருவைக் கடக்க உதவியவர் இருக்கட்டும் என்று அந்த மக்கள் பிரித்துப் பார்த்தது எவ்வளவு நியாயம்!

கார்ல் மார்க்ஸ் பெயரில் ஓர் அகன்ற சாலையும் உண்டு. 1961 வரை அது ஸ்டாலின் சாலை. அங்கே கட்டட வேலை செய்த தொழிலாளர்கள், கூலியை உயர்த்தாமல் வேலை அளவை மட்டும் கூட்டியதை எதிர்த்து 1953 ஜூனில் வீதியில் இறங்கினார்கள். போராட்டம் நாடெங்கும் பரவ, சோவியத் டாங்கிகள் வந்து அடக்கின. அந்தத் தொழிலாளர்கள் எழுப்பிய, ஓடு பதித்த உயர்ந்த குடியிருப்புகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன.

டிராம் தடங்களும் பெரும்பாலும் கிழக்கில்தான். மேற்கு பெர்லின் 1967-லேயே டிராமை நிறுத்திவிட்டது.