பதினான்கு டன் நீச்சல்காரன்

குடியரசு தின அணிவகுப்பை டி.வி.யில் பார்க்கிறவர்கள் பி.எம்.பி-2 வண்டியைக் கண்டதும் டாங்கி என்றுதான் சொல்வார்கள். சங்கிலிச் சக்கரம் இருக்கிறது, சுழலும் கோபுரம் இருக்கிறது, நீண்ட பீரங்கிக் குழலும் இருக்கிறது. பின்பக்கம் போய்ப் பார்த்தால்தான் சங்கதி புரியும். அங்கே இரண்டு கதவுகள். திறந்தால் காலாட்படை வீரர்கள் இறங்குவார்கள். டாங்கி சண்டை போடும், ஆளேற்றாது. பழைய கவச ஊர்திகள் ஆளேற்றும், ஆனால் சண்டைக்களத்துக்குச் சற்று முன்பே இறக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இது வீரர்களை ஏற்றிக்கொண்டு போய், அவர்கள் பக்கத்திலேயே நின்று சுடும். ராணுவத்தார் ஐ.சி.வி. (காலாட்படைப் போர் ஊர்தி) என்பார்கள்.

இதன் அண்ணன் பி.எம்.பி-1, சோவியத் நாட்டின் செல்யாபின்ஸ்க் டிராக்டர் ஆலையில் பாவெல் இசாகோவ் குழுவினர் வடிவமைத்தது. 1967 நவம்பரில் மாஸ்கோ அணிவகுப்பில் உலகம் அதைப் பார்த்தது. அன்றைய சோவியத் தளபதிகளுக்கு இரண்டு கவலைகள். ஒன்று, அணுகுண்டு விழுந்த நிலத்தில் வீரர்கள் இறங்கி நடக்க முடியாது. வண்டிக்குள் இருந்தபடியே சுட வேண்டும். அதனால்தான் பக்கவாட்டில் துப்பாக்கி நீட்டத் துளைகளும் வெளியே பார்க்கப் பெரிஸ்கோப்புகளும் வைத்தார்கள். மற்றொன்று, ஐரோப்பாவில் எங்கே திரும்பினாலும் ஆறு. போர் வந்தால் பாலங்கள் முதல் நாளே தகர்ந்துவிடும். ஆகவே வண்டி நீந்தியாக வேண்டும்.

நீச்சலுக்கென்று தனி விசிறி கிடையாது. முன்புறம் மடித்து வைத்திருக்கும் தகட்டை நிமிர்த்தி அலையைத் தடுக்கிறார்கள், உள்ளே கசியும் நீரை வெளியேற்றப் பம்பை ஓட்டுகிறார்கள், வண்டியை ஆற்றில் இறக்குகிறார்கள். சங்கிலிச் சக்கரமே சுழன்று நீரைப் பின்னால் தள்ளுகிறது. வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர். சாலையில் 65 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு இது ஆமை வேகம்தான். ஆனால் பாலம் கட்டும் பிரிவு வரும்வரை கரையில் வரிசையாக நிற்க வேண்டியதில்லை.

மிதக்க வேண்டுமென்றால் கனம் ஏறக்கூடாது. பி.எம்.பி-2 சுமார் 14 டன். டி-72 டாங்கி 40 டன்னைத் தாண்டும். மிச்சப்படுத்திய எடை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பெரும்பங்கு கவசத்திலிருந்துதான். பக்கவாட்டுத் தகட்டின் தடிமன் 20 மில்லிமீட்டர்கூட இல்லை. சாதாரணத் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும், கனரகக் குண்டுகளை அல்ல. எரிபொருள் தொட்டியை வீரர்களின் இரு இருக்கை வரிசைகளுக்கு நடுவே வைத்திருக்கிறார்கள். பின்கதவுகளின் உட்கூட்டிலும் டீசல்தான். இந்த வடிவமைப்பின் மோசமான முடிவு இது என்பேன். ஆப்கானிஸ்தான் போரில் கண்ணிவெடிக்குப் பயந்த சோவியத் வீரர்கள் வண்டிக்குள் உட்காராமல் கூரைமேல் உட்கார்ந்து பயணித்தார்கள்.

அதே ஆப்கன் மலைகள் பி.எம்.பி-1இன் 73 மில்லிமீட்டர் பீரங்கியையும் சோதித்தன. உச்சியில் இருந்து சுடுகிறவனைக் குறிவைக்கக் குழல் போதிய அளவு நிமிரவில்லை. பி.எம்.பி-2இல் 30 மில்லிமீட்டர் தானியங்கிப் பீரங்கி வந்தது. அது 74 பாகை வரை நிமிரும், தாழப் பறக்கும் ஹெலிகாப்டரையும் சுடலாம். குண்டுகள் இரண்டு தனிப் பட்டைகளில் வருகின்றன: கவசத்தைத் துளைப்பவை 160, வெடித்துச் சிதறுபவை 340. எதிரே வருவது வாகனமா, ஆட்களா என்று பார்த்துச் சுடுநர் ஒரு நொடியில் மாற்றிக்கொள்ளலாம். டாங்கியே எதிர்ப்பட்டால் கூரைமேல் கொன்கூர்ஸ் ஏவுகணை இருக்கிறது. முன்பு ஓட்டுநருக்குப் பின்னால், பாதிப் பார்வை மறைந்த இடத்தில் உட்கார்ந்திருந்த வண்டித் தளபதி இப்போது கோபுரத்துக்குள் வந்துவிட்டார். பெரிய கோபுரத்துக்கு இடம் விட்டதில் வீரர்களின் எண்ணிக்கை எட்டிலிருந்து ஏழாயிற்று.

இந்தியா 1979இல் இயந்திரமய காலாட்படை ரெஜிமென்டைத் தனியாகத் தொடங்கியது. அதன் மூலகர்த்தா ஜெனரல் சுந்தர்ஜி, செங்கல்பட்டில் பிறந்தவர். 1987 முதல் மேடக் ஆயுதத் தொழிற்சாலையில் 'சரத்' என்ற பெயரில் பி.எம்.பி-2 உருவாகிறது. அதன் யு.டி.டி-20 டீசல் எஞ்சின் வருவது சென்னை ஆவடியிலிருந்து. வட இந்தியப் படங்களில் பார்க்கும் அந்த வண்டிகளின் உறுமல் ஆவடி உறுமல்!

வடிவ வேறுபாடுகளுக்கு வந்தால் இந்த வண்டி வேறொரு முகம் காட்டுகிறது. எஞ்சின் முன்னால் இருப்பதால் பின்பகுதி முழுக்கக் காலி அறை. கோபுரத்தையும் எடுத்துவிட்டால் எதையும் வைக்கலாம். ஆவடியின் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் 81 மில்லிமீட்டர் மோர்ட்டாரை வைத்தது. இன்னொன்றில் ஸ்டிரெச்சர்கள் ஏறி, ஆம்புலன்ஸ் ஆனது. டாங்கிகளை அழிக்கும் நாக் ஏவுகணையைச் சுமக்கும் 'நமிகா'வும் இதே உடல்தான். நீந்தும் புல்டோசர் ஒன்று உண்டு. சேற்றில் சிக்கினால் ராக்கெட்டால் நங்கூரத்தை எறிந்து, தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். எனக்குப் பிடித்தது பொறியாளர் உளவு வண்டி. ஆற்றின் ஆழம், நீரோட்ட வேகம், கரை மண்ணின் தாங்குதிறன் எல்லாவற்றையும் அளந்து, பின்னால் வரும் டாங்கிகளுக்கு வழி சொல்லும். ஆளே இல்லாமல் இயங்கும் 'முந்த்ரா'வையும் ஆவடியில்தான் உருவாக்கினார்கள்.

அமெரிக்காவின் பிராட்லி வண்டியும் தொடக்கத்தில் நீந்தியதுதான். கவசம் கூடக்கூட எடை ஏறி, கடைசியில் அந்தத் திறனையே கைவிட்டார்கள். இந்தியா அப்படி விடவில்லை. பஞ்சாப் எல்லையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்: கால்வாய்கள், அகழிகள், ஆறுகள். 2020 ஜூனில் மேலும் 156 வண்டிகளுக்குச் சுமார் 1,094 கோடி ரூபாயில் ஆணை கொடுத்தபோதும் தண்ணீரில் மணிக்கு 7 கிலோமீட்டர் என்ற தகுதி பட்டியலில் இருந்தது.