பூனைக்கு இன்சுலின்: சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

ஐதராபாத்: பூனைக்குக்கூடவா சர்க்கரை வியாதி என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. வீட்டில் அப்படியொரு பூனையை வைத்துக்கொண்டிருப்பவர்கள் சிரிப்பதில்லை. காலை 7 மணிக்கு ஓர் ஊசி, மாலை 7 மணிக்கு ஓர் ஊசி. ஞாயிறு கிடையாது, பண்டிகை கிடையாது. போதாக்குறைக்கு, எத்தனை யூனிட் போடுவது என்ற கணக்கும் வாரத்துக்கு வாரம் மாறும். மனிதனாக இருந்தால் தலை சுற்றுகிறது என்று வாய்திறந்து சொல்வான். பூனை சொல்லாது.

செகந்திராபாத் பத்மாராவ் நகரில், ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 1966-ம் வருஷம் தென்மத்திய ரயில்வே ஆரம்பித்தபோது உத்தியோகத்துக்காக வந்து, இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பாட்டிக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. வீட்டுக் கடுவன் பூனைக்கு வயது பத்து. குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆன பூனை. தயிர்சாதம் தின்று, சோபாவில் தூங்கி, உடம்பு பெருத்துப்போன பூனை.

கொஞ்ச நாளாக அது கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கிறது. மணல் தட்டு எப்போதும் ஈரமாகவே கிடக்கிறது. முன்னைவிட அதிகம் தின்கிறது. ஆனால் முதுகெலும்பு தெரிகிறது. ஜன்னல் திட்டுக்குத் தாவப் பார்த்துக் கீழே விழுகிறது. பின்னங்காலின் குதிகால் தரையில் படும்படி, கிழவன் செருப்பை இழுத்துக்கொண்டு போவதுபோல் நடக்கிறது. சர்க்கரை மிதமிஞ்சிக் கால் நரம்புகள் கெட்டதன் அடையாளம் அது. பாட்டிதான் முதலில் கண்டுபிடிப்பார். "எனக்கு வந்ததுதாண்டா இதுக்கும் வந்திருக்கு" என்பார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். கணையத்தில் புரதக் கசடு படிவதும், உடல் பருமனால் இன்சுலின் வேலை செய்யாமல் போவதும் பூனைக்கும் மனிதனுக்கும் பொது. அலர்ஜி, அரிப்பு என்று ஸ்டீராய்டு மருந்து அடிக்கடி கொடுக்கப்பட்ட பூனைகளுக்கும் இது வரலாம்.

நகரில் கால்நடை டாக்டர்களுக்குக் குறைவில்லை. நாராயணகூடாவில் அரசின் கால்நடை சூப்பர் ஸ்பெஷாலிட்டி ஆஸ்பத்திரி இருக்கிறது. ராஜேந்திரநகரில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் பூனை விஷயத்தில் ஒரு வேடிக்கை. கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, ஹாரன் சத்தத்துக்கு நடுவே கொண்டுபோய் மேஜைமேல் வைத்தால், பயத்திலேயே அதன் ரத்தத்தில் சர்க்கரை 300 மில்லிகிராமைத் தாண்டிவிடலாம். நோயே இல்லாத பூனைக்கும் இப்படி ஏறும். அதனால்தான் முந்தைய ஓரிரு வார நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் என்ற சோதனையையும் சேர்த்துச் செய்கிறார்கள். மருந்து ஆரம்பித்த பிறகு, வீட்டிலேயே ரத்தம் பார்ப்பதுதான் நம்பகமானது என்று சொல்வதற்கும் இதே காரணம்தான்.

40-க்கும் 100-க்கும் நடுவே

இன்சுலின் கதையே மிருகங்களில் தொடங்கியதுதான். 1921-ல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவரும் நாய்களிடம் சோதித்தார்கள். 1922 ஜனவரியில் லியனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாகப் போட்டார்கள். பிறகு பல பத்தாண்டுகள் மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்துதான் மருந்து வந்தது. பூனையின் இன்சுலினுக்கும் மாட்டு இன்சுலினுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். மனித இன்சுலினுக்கு நான்கு. 1982-க்குப் பிறகு மனித இன்சுலினைக் கிருமிகளைக் கொண்டு தயாரிக்க ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்துப் பாட்டியின் மருந்துதான், கணக்குப் பார்த்தால், பூனைக்கு இன்னும் நெருங்கிய உறவு! இப்போது பூனைகளுக்கு அதிகமாகச் சொல்லப்படுவது கிளார்ஜின் என்ற, மெதுவாக வேலை செய்யும் மனித மருந்து. அதில்தான் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

நம் நாட்டு மருந்துக்கடைகளில் இன்சுலின் புட்டிகள் இரண்டு வலிமைகளில் கிடைக்கின்றன. ஒன்றில் 1 மில்லிக்கு 40 யூனிட். இன்னொன்றில் 1 மில்லிக்கு 100 யூனிட். பாட்டி போட்டுக்கொள்ளும் கலங்கலான மருந்து பெரும்பாலும் 40. கண்ணாடிபோல் தெளிந்த கிளார்ஜின் 100. இரண்டுக்கும் ஊசிக்குழல் வேறு: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. இரண்டு புட்டியும் ஒரே ஃப்ரிட்ஜ் கதவில், வெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. ஆரஞ்சு மூடி தீர்ந்துபோன ஒரு காலையில், 'எல்லாம் ஊசிதானே' என்று பாட்டியின் சிவப்பு மூடிக் குழலில் பூனையின் மருந்தை 2 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே ஏறுவது 2 யூனிட் அல்ல, 5 யூனிட்! ஐந்து கிலோ பூனைக்கு அது உயிரோடு விளையாடுவது. மாற்றிச் செய்தால், அதாவது 40 மருந்தை 100-க்கான குழலில் இழுத்தால், கோட்டில் 2 என்று இருந்தாலும் போவது 0.8 யூனிட்தான். உயிருக்கு உடனே ஆபத்தில்லை. ஆனால் மருந்து பிடிக்கவில்லை என்று எண்ணி டோசை ஏற்றிக்கொண்டே போவார்கள். பிறகு என்றைக்காவது சரியான குழல் கைக்கு வரும். அன்றைக்குத்தான் விபரீதம்.

பூனையின் மருந்துக்கும் குழலுக்கும் தனி டப்பா, அதன்மேல் கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு. பாட்டியின் கண் பார்வையையும் நினைத்துப் பார்த்தால் இது அவருக்கும் நல்லது.

அரை யூனிட் விவகாரம்

டாக்டர்கள் சாதாரணமாக ஒரு பூனைக்கு 1 யூனிட் அல்லது அதைச் சுற்றி ஆரம்பிப்பார்கள், 12 மணிக்கு ஒரு தடவை. ஏற்றினாலும் இறக்கினாலும் பெரும்பாலும் அரை யூனிட்தான். அதனால் அரை யூனிட் கோடுள்ள சிறிய 0.3 மில்லி குழலைக் கேட்டு வாங்குவது நல்லது. ஏற்றிய அன்றே பலன் தெரியாது. ஒரு டோசில் ஐந்து முதல் ஏழு நாள் நின்று பார்க்க வேண்டும். இன்று 380, நாளை 350 என்று பார்த்து, பதறிப்போய் வீட்டுக்காரரே ஏற்றிவிடுவதுதான் எங்கும் நடக்கும் தவறு.

ரத்தம் எடுப்பது காதின் ஓரத்திலிருந்து. காதைக் கையால் தேய்த்துச் சூடேற்றி, ஓரமாக ஓடும் மெல்லிய ரத்தக்குழாயில் லேசாக ஒரு குத்து. ஒரு சொட்டு போதும். மனிதர்களுக்கான சோதனைக் கருவி பூனையின் சர்க்கரையை உள்ளதைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டும். எந்தக் கருவியில் பார்த்தது என்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். காலை ஊசிக்கு முன் ஒன்று, அப்புறம் இரண்டு மணிக்கு ஒன்றாக 12 மணி நேரம் பார்த்து எழுதினால், சர்க்கரை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று தெரியும். டோசைத் தீர்மானிப்பது காலையில் பார்த்த உயர்ந்த எண் அல்ல; நடுவில் வரும் அந்தத் தாழ்ந்த எண். அது 80-லிருந்து 150-க்குள் இருந்தால் டோஸ் சரி. 150-க்கு மேலேயே நின்று, தாகமும் குறையாவிட்டால் டாக்டர் ஏற்றுவார். 80-க்குக் கீழே போனால், பூனை எவ்வளவு குதித்து விளையாடினாலும் டோசைக் குறைக்கத்தான் வேண்டும்.

சர்க்கரை கூடினால் பூனை நாள்கணக்கில் வாடும். குறைந்தால் சில மணி நேரத்தில் போய்விடும். தள்ளாட்டம், வெறித்த பார்வை, நடுக்கம், பிறகு வலிப்பு. உடனே தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு, டாக்டரிடம் ஓட வேண்டும். மயங்கிய பூனையின் வாயில் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும்.

இந்த விபத்து பல வீடுகளில் எப்படி வருகிறது தெரியுமா? சமையலறையிலிருந்து மனைவி கேட்பார்: "ஏங்க, பூனைக்கு ஊசி போட்டுட்டேனே, நீங்க எதுக்கு மறுபடி குழலை எடுத்தீங்க?" அதற்குள் இரண்டாவது ஊசியும் ஏறியிருக்கும். தினசரி காலண்டர் தாளில், ஊசி போட்டவர் அந்த நிமிஷமே பேனாவால் ஒரு கோடு கிழித்தால் இந்த வம்பு இல்லை. போட்டது தோலுக்குள் போயிற்றா, ரோமத்தில் வழிந்ததா என்று சந்தேகம் வந்தாலும் மறுபடி போடக்கூடாது. ஒரு வேளை மருந்து தவறினால் பூனை தாங்கும். பூனை சாப்பிடாத வேளையிலும் வழக்கமான அளவைக் கண்ணை மூடிக்கொண்டு போடாமல், டாக்டரைக் கேட்பதே முறை.

தயிர்சாதம் என்ன ஆயிற்று?

சைவக் குடும்பங்களுக்கு இதுதான் சோதனை. பூனை பிறவியிலேயே மாமிச பட்சிணி. சோற்றிலும் பிஸ்கட்டிலும் உள்ள மாவுச்சத்து அதன் சர்க்கரையை ஏற்றும். கடையில் விற்கும் உலர்ந்த தீனியிலும் மாவு அதிகம். டாக்டர், மாவு குறைந்த, புரதம் மிகுந்த ஈரத் தீனிக்கு மாற்றச் சொல்வார். அதற்காக ராம்நகர் மீன் மார்க்கெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மூக்கைப் பொத்திக்கொண்டு போய்வரும் ஆசாரமான குடும்பத்தலைவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். தனிப் பாத்திரம், தனி அடுப்பு, பால்கனியில் சமையல். அன்புக்கு முன் ஆசாரம் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கிறது. ஒன்று ஞாபகம் வேண்டும்: தீனியை மாற்றினால் மருந்தின் தேவை சட்டென்று குறையும். டாக்டரிடம் சொல்லாமல் தயிர்சாதத்தை நிறுத்திவிட்டு, பழைய டோசையே போட்டால் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கிவிடும்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், பூனைக்கு மனிதனுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காத ஓர் அதிர்ஷ்டம் உண்டு. ஆரம்பத்திலேயே கட்டுக்குள் கொண்டுவந்தால், பல பூனைகளுக்கு ஊசியே தேவையில்லாமல் போய்விடுகிறது. வீட்டிலேயே ரத்தம் பார்த்துக் கிளார்ஜின் போட்ட 55 பூனைகளைப் பற்றி ரூம்ப், ராண்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் வெளியிட்ட கட்டுரையில், 100-க்கு 64 பூனைகள் ஊசியிலிருந்து விடுபட்டதாகக் கண்டிருக்கிறது. நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இந்தக் கண்டிப்பான முறையைத் தொடங்கியவற்றில் 84. அமெரிக்காவில் 2022, 2023-ம் வருஷங்களில் வாய்வழியாகக் கொடுக்கும் இரண்டு மருந்துகளுக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் அவை எல்லாப் பூனைக்கும் ஆகாது. ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு.

மே மாத வெயிலில் மின்சாரம் போனால் மருந்து என்ன ஆவது என்ற கவலையும் உண்டு. ஈர மணல் நிரப்பிய மண்பானையில் புட்டியை வைத்துக் காப்பாற்றுவது இங்கே பலருக்கும் தெரிந்த வழி.

மிஞ்சுவது ஊர்ப் பயணம். சென்னையில் கல்யாணம், மாலை சார்மினார் எக்ஸ்பிரஸில் டிக்கெட். 7 மணி ஊசிக்கு வண்டி காத்திருக்காது. அங்கேதான் எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் வருவார். அவர் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை. ஊசி பிடிக்கப் பழகிய கை. ஒரு வாரம் முன்பே வந்து, பூனையின் பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, இரண்டு வேளை தானே போட்டும் பழகிவிடுவார். சாவியை வாங்கும்போது அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எந்த மூடி?