பழைய வீடா, புதிய வீடா? மூட்டையின் வாயைப் பார்த்து விலை பேசாதீர்கள்

மொத்தக் கடையில் சரக்கு எடுக்கப் போகும் எந்த வியாபாரியும் மூட்டையின் வாயை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. நடுவில் குத்தூசியை விட்டு, நாலு மணியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்த பிறகே பேச்சைத் தொடங்குவார். ஆனால் அதே வியாபாரி வீடு வாங்கப் போனால் வாசல் கதவையும் சுவரின் நிறத்தையும் பார்த்துவிட்டு முற்பணம் கொடுத்துவிட்டு வருகிறார்.

புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் திரும்பி, சங்கானைப் பக்கம் புடைவை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் அண்மையில் ஆலோசனை கேட்டு வந்தார். வட்டுக்கோட்டையில் இரண்டு வீடுகள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று, நாலு பரப்புக் காணியில் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டிய பழைய ஓட்டு வீடு. உரித்தாளர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். மற்றது, ஒன்றரைப் பரப்பில் சீமெந்துக் கல்லால் கட்டி முடித்த புத்தம் புதிய வீடு. எதை எடுப்பது என்பதே அவரது கேள்வி.

நாம் சொன்ன பதில் இதுதான்: பழைய வீட்டின் குறை உறுதிக்குள் ஒளிந்திருக்கும், புதிய வீட்டின் குறை பூச்சுக்குள் ஒளிந்திருக்கும். குத்தூசியை அந்தந்த இடத்தில் விட்டுப் பாருங்கள்.

பழைய வீடு: சுவரை விட உறுதி முக்கியம்

பழைய வீடு என்றதும் பயப்படத் தேவையில்லை. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் கண்டது பாழடைந்து கிடந்த பழைய தேவாலயக் கட்டடத்தையே. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டாமல் திருத்தி எடுத்தார்கள். 1823இல் அவ்வூரில் அவர்கள் தொடங்கிய செமினரியின் வழியில் வந்ததுதான் இன்றைய யாழ்ப்பாணக் கல்லூரி. நல்ல சுவர் நிலைத்து நிற்கும். கூரைதான் கெடும். ஆகவே ஒரு தச்சனை அழைத்துச் சென்று பனை வளைகளையும் கைமரங்களையும் தட்டிப் பாருங்கள். கறையான் அரித்த மரம் சத்தத்திலேயே தன்னைக் காட்டிக் கொடுக்கும். பழைய மின்சார வயர்களையும் மாற்ற வேண்டியிருக்கும். இவையெல்லாம் கணக்கிடக்கூடிய செலவுகள்.

கணக்கிட முடியாதது உறுதியில் உள்ள சிக்கல். யாழ்ப்பாணத்துப் பழைய காணிகள் முதுசமாகவும் சீதனமாகவும் பல கை மாறி வந்தவை. ஒரே காணிக்கு நாலைந்து பங்காளிகள் இருப்பார்கள். வடமாகாணக் காணிகளுக்கு 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முன்கொள்வனவுச் சட்டம் உண்டு. ஒருவர் தன் பங்கை விற்க முனைந்தால், கூட்டு உரித்தாளருக்கும் அவரது வாரிசாகக் கூடியவருக்கும் முதலில் வாங்கும் உரிமையை அது கொடுக்கிறது. இது காணியோடு ஒட்டிய சட்டம். வாங்குபவர் முஸ்லிம் என்பதால் விலகிப் போகாது. முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் விற்ற காணிக்குப் பின்னர் ஒரு பங்காளி நீதிமன்றம் போகலாம்.

வெளிநாட்டிலிருப்பவருக்காக அற்றோணித் தத்துவத்தில் ஒருவர் விற்கிறார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தத்துவம் கொடுத்தவர் காலமாகிவிட்டால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும். வீட்டைப் பார்த்துக்கொள்ள என்று யாராவது நீண்ட காலம் குடியிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, பத்து வருடம் தன் சொந்தம் போல் எதிராட்சி செய்தவர் உரிமை கோரலாம். யுத்தத்தால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களைப் பாதுகாக்க 2016இல் பாராளுமன்றம் விசேட சட்டமே இயற்ற வேண்டி வந்தது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்களுக்கு, கையில் உறுதி இல்லாத காணியின் வலியை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எனவே காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடத்துப் பதிவுகளைத் தேடுவியுங்கள். கிணறு தனியா, பங்கா என்றும், வழிவாய்க்கால் உரிமை உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதிய வீடு: பூச்சுக்குள் என்ன?

புதிய வீட்டின் உறுதி பெரும்பாலும் சுருக்கமானது. ஆனாலும் பெரிய காணியைத் துண்டு போட்டுக் கட்டியிருந்தால் தாய் உறுதியையும் நில அளவைப் படத்தையும் கேளுங்கள். பிரதேச சபை அங்கீகரித்த கட்டட வரைபடமும், கட்டி முடித்ததற்கான சான்றிதழும் இருக்க வேண்டும்.

அடுத்தது வேலை தொடங்கிய ஆண்டு. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது சீமெந்து மூட்டை ஒன்றின் விலை மூவாயிரம் ரூபா அளவுக்கு ஏறியது. நாடெங்கும் பல வீடுகள் பாதியில் நின்றன. மழையில் நனைந்து துருப்பிடித்த கம்பியின் மேலேயே பிறகு கொங்கிரீட் போட்டிருந்தால் பூச்சு அதை மறைத்துவிடும். உப்பு மணலைக் கழுவாமல் பாவித்திருந்தாலும் அப்படித்தான். சில வருடங்களில் தட்டு வெடித்துக் கம்பி வெளியே தெரியும். கட்டிய மேசனையே கூப்பிட்டு விசாரியுங்கள். ஒரு மாரி கழிந்த வீடாக இருந்தால் இன்னும் நல்லது; ஒழுக்கு தானாகவே தெரிந்துவிடும்.

இரண்டுக்கும் பொதுவானது தண்ணீர். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். மலசலகூடக் குழியின் கழிவு அதன் வெடிப்புகள் வழியே கிணற்றுக்கு இலகுவாகப் போய்ச் சேரும். சிறிய காணியில் குழியும் கிணறும் நெருங்கிவிடுவது புதிய வீடுகளின் பெரிய குறை. கடலேரியை அண்டிய பகுதிகளில் உவர் நீர்ப் பிரச்சினையும் உண்டு. கோடையின் கடைசியில் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். ஆய்வுகூடத்திலும் கொடுத்துச் சோதியுங்கள். 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. உங்கள் ஒழுங்கைக்குக் குழாய் வந்திருக்கிறதா என்று கேட்டறியுங்கள்.

கணக்கு

பேச்சுக்குப் பழைய வீடு ஒரு கோடி, புதியது ஒன்றேகால் கோடி என்று வைப்போம். பழையதைத் திருத்த முப்பது இலட்சம் போனால் அடக்க விலை 130 இலட்சம். புதியதே மலிவு போலத் தெரியும். ஆனால் பழையதில் இரண்டரைப் பரப்புக் காணி கூடுதலாக இருக்கிறது. பரப்பு பத்து இலட்சம் என்றால் அதன் பெறுமதி 25 இலட்சம். அதைக் கழித்தால் 105 இலட்சம். இப்போது பழையதே இலாபம்.

இந்தக் கணக்கு இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட்டது. உறுதி சுத்தமாக இருக்க வேண்டும். திருத்த வேலைக்கான காசு கடையின் சுழற்சி முதலிலிருந்து வரக்கூடாது. பெருநாள் சரக்கு எடுக்க வேண்டிய காசை ஓட்டிலும் மரத்திலும் போட்டுவிட்டுக் கடனுக்கு அலைந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். வட்டியைத் தவிர்க்க விரும்புவோர், வங்கியும் வாடிக்கையாளரும் பங்காளிகளாகி, வங்கியின் பங்கைத் தவணை முறையில் வாங்கிக்கொள்ளும் வீட்டு நிதித் திட்டங்களை விசாரிக்கலாம். ஆனால் உறுதி சிக்கலானால் எந்த வங்கியும் கிட்ட வராது. அதுவே உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் எச்சரிக்கை.

நண்பருக்குப் பிடித்தது பழைய வீடுதான். ஆனால் பதிவுகளைத் தேடியபோது, ஐந்து பிள்ளைகளில் நால்வர் மட்டுமே அற்றோணித் தத்துவம் கொடுத்திருப்பது தெரிய வந்தது. "மற்றவர் ஒன்றும் சொல்லமாட்டார், நீங்கள் முற்பணத்தைத் தாருங்கள்" என்றார் தரகர். நண்பர் கொடுக்கவில்லை. ஐந்தாமவரின் கையெழுத்து வரும்வரை காத்திருக்கிறார். அதற்குள் வீடு கைமாறிப் போகலாம். போனாலும் அவருக்கு நட்டமில்லை. முதல் இன்னும் அவர் கையில்தானே இருக்கிறது.